சிவப்பு எடுக்கும் நாள்

ஹிமி
ஏப்ரல் 16

அன்புள்ள ரித்சுகோ,

செர்ரிப் பூ கொட்டி முடிந்துவிட்டது. வாய்க்கால் முழுக்க இதழ். பக்கத்து வீட்டு நகாசே கூடையால் அள்ளிக்கொண்டிருக்கிறாள். ஒசாகாவில் இந்நேரம் வெயில் ஏறியிருக்கும். உன் இடுப்பு வலி தேவலையா? மருமகனுக்கு ரத்தக் கொதிப்பு இறங்கியதா?

எனக்கு எண்பது ஆகியும் இருபது பல் மிச்சம். பல் டாக்டர் கைதட்டினார்.

தொலைபேசி இணைப்பையே எடுத்துவிட்டேன். கூப்பிட்டுப் பார்த்துப் பயந்திருப்பாய். மணி அடித்தால் மாடியில் உன் அண்ணன் மசாநோரி தரையை உதைக்கிறான். மேலிருந்து தூசி என் சோற்றில் விழுகிறது. அவன்மேல் தப்பில்லை. கடிதம்தான் நல்லது, சத்தம் போடாது.

மசாநோரி நன்றாக இருக்கிறான். கதவுக்கு வெளியே தட்டை வைக்கிறேன், காலித் தட்டு திரும்புகிறது. புத்தாண்டு நிலநடுக்கத்தில் அப்பாவின் கல்லறைக் கல் சாய்ந்ததே, அதை நிமிர்த்தக் கல் தச்சர் ஷிமொசகாவிடம் சொல்ல வேண்டும்.

பேத்தி சிஹாயாவின் கல்யாணம் எந்த மட்டில் இருக்கிறது? இரண்டு வீட்டாரும் சேர்ந்து சாப்பிடும் நாள் வந்துவிட்டதா? என்ன உடுத்தினாய், யார் என்ன பேசினார்கள், ஒன்று விடாமல் எழுது.

ஜலதோஷம் பிடிக்காமல் இரு.

அம்மா


ஒசாகா
மே 12

அன்புள்ள அம்மா,

இடுப்பு பரவாயில்லை. அவருக்கும் இறங்கியிருக்கிறது. உன் பல்லைச் சொல்லிச் சிரித்தோம். உனக்குத் தலைசுற்றல் நின்றதா? இரவு மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?

போன ஞாயிறு அந்த விருந்து நடந்தது. ஓட்டலில், இருபதாவது மாடி. எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. ஒன்றைத் தவிர.

மாப்பிள்ளையின் அம்மா ஹொரியே மரியாதையானவர். மீன் வந்தபோது கேட்டார். "உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேருங்க?" பக்கத்தில் அவருடைய அண்ணன், தம்பி, தங்கை, எல்லாருக்கும் வேலை, எல்லாருக்கும் குடும்பம். என் வாய் தானாகத் திறந்தது.

"யாருமில்லைங்க. நான் ஒரே பொண்ணு."

தட்டில் இருந்த மீனின் கண் என்னைப் பார்த்தது. வேறு யாரும் பார்க்கவில்லை. திரும்பும்போது ரயிலில் சிஹாயா சொன்னாள், "மாமாவ ஒரே வாயில முழுங்கிட்டியேம்மா. முள்ளு குத்தலையா?"

கல்யாணம் நவம்பர் 23. அதற்குள் எப்படியாவது திருத்திச் சொல்லிவிடுகிறேன். அண்ணனிடம் இதைச் சொல்லாதே.

போன் இல்லாதது பயமாக இருக்கிறது. உடனே பதில் போடு.

ரித்சுகோ


ஹிமி
ஜூன் 20

அன்புள்ள ரித்சுகோ,

மழை பிடித்துக்கொண்டது. துவைத்த துணி மூன்று நாளாக வீட்டுக்குள் தொங்குகிறது. எல்லாரும் சுகம்தானே? நான் சுகம். பதில் தாமதமாகிவிட்டது, யோசித்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பாவின் நினைவு மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு முறை உரக்கப் படித்தேன், அவருக்கும் தெரியட்டும் என்று. நீ சொன்னது சரி. திருத்தாதே. போய் மாற்றிச் சொன்னால் பொய்க்காரி என்பார்கள். அந்தப் பெயர் சிஹாயாவின் தலையில் விழும். சொன்னது சொன்னபடி இருக்கட்டும். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினாறு குப்பைப் பை. மசாநோரியின் பள்ளி ஆல்பத்தைப் பழைய காகிதத்தோடு கட்டினேன். பெயர் இருக்கும் இடங்களை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டேன்.

நகாசே எட்டிப் பார்த்தாள். "என்ன சுமியே, ஊரை விட்டுப் போறியா?"

"ஆமா, மூட்டை கட்டியாச்சு. டிக்கெட்தான் இன்னும் வரலை."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கல்லை நிமிர்த்தியாயிற்று. ஷிமொசகாவிடம் கூடவே ஒரு சின்ன வேலையும் சொல்லியிருக்கிறேன்.

ஈரத்தில் சாப்பாடு சீக்கிரம் கெடும். பார்த்துச் சாப்பிடுங்கள்.

அம்மா


ஒசாகா
ஜூலை 9

அன்புள்ள அம்மா,

இங்கே புழுக்கம். நாங்கள் நலம். நீ? அண்ணன்?

மீதி என்று எழுதியிருந்தாயே. மீதி என்றால் எது?

கோபப்படாதே. உன் ஊர் நகராட்சிக்குப் போன் செய்தேன். வயதான பெற்றோரும், வெளியே வராத பிள்ளையும் இருக்கும் வீடுகளுக்கென்றே அங்கே ஓர் ஆள் இருக்கிறாள். "நீங்க மட்டும்னு நெனைக்காதீங்கம்மா, இந்த மேசைக்கு வர்ற போன் பூரா இதுதான்" என்றாள். நல்ல குரல். உன் முகவரியைக் கொடுத்தேன். வந்தால் உள்ளே விடு. ஒரு வாய் தேநீர் கொடு, போதும்.

ஆகஸ்டில், முன்னோரின் ஆவி வீடு திரும்பும் அந்த மூன்று நாளுக்கு நானும் வரலாமென்று இருக்கிறேன். மாடிக் கதவுக்கு வெளியே நின்றாவது அண்ணனோடு பேசுகிறேன். அவர் குரலைக் கேட்டுப் பதினோரு வருடமாகிறது.

வெயிலில் வெளியே போகாதே.

ரித்சுகோ


ஹிமி
செப்டம்பர் 26

அன்புள்ள ரித்சுகோ,

ஆறு மணிக்கே இருட்டுகிறது. பூச்சிகளின் சத்தம் குறைந்துவிட்டது. எல்லாரும் நலமென்று நினைக்கிறேன். ஆகஸ்டில் வர வேண்டாமென்று அட்டை போட்டேன். நீயும் வரவில்லை. சொன்னதைக் கேட்கும் பிள்ளை நீ.

நகராட்சிப் பெண் வந்தாள். தேநீர் கொடுத்தேன், நீ சொன்னபடி.

"பையன் இருக்காருங்களா?"

"டோக்கியோவுல வேலை."

அந்த நேரம் பார்த்து மேலே பலகை கிறீச்சிட்டது.

"பூனை" என்றேன்.

"பெரிய பூனை போல."

"ஐம்பத்திரண்டு வயசு" என்பது வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினேன். பொய் சொல்ல உனக்கு மட்டும்தான் வருமா? அவள் ஒரு காகிதத்தை வைத்துவிட்டுப் போனாள். இனி வரமாட்டாள்.

உனக்கொரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். என் கருப்புக் கிமோனோ, மணப்பெண்ணின் அம்மா உடுத்துவது, கல்யாணத்துக்கு உடுத்து. கூடவே ஒரு சின்ன மரப்பெட்டி. அது நீ பிறந்தபோது உலர்த்தி எடுத்துவைத்த உன் தொப்புள்கொடி. இனி உன்னிடமே இருக்கட்டும். அண்ணனுடையதை நான் கொண்டுபோகிறேன்.

இரவும் பகலும் சமமாகும் சமபகல் நாளன்று எல்லாரையும்போல் கல்லறைக்குப் போனேன். யாரோ முந்திக்கொண்டு நீலப்பூ வைத்திருந்தார்கள். தண்டு இன்னும் ஈரம். ஒரு கணம் நீயோ என்று தோன்றியது. நீயானால் வீட்டுக்கு வந்திருப்பாய். பத்து நிமிட நடைதானே.

மசாநோரி நன்றாகச் சாப்பிடுகிறான். ஒரு பருக்கை மிச்சமில்லை.

கல்யாணம் 23தானே? மாறாதே? மாறினால் உடனே எழுது.

அம்மா


ஹிமி
அக்டோபர் 11

வணக்கம்.

மலையில் இலை சிவக்கத் தொடங்கிவிட்டது. வீட்டில் அனைவரும் நலம்தானே? நான் கல் தச்சன் ஷிமொசகா. உங்கள் கடிதம் கிடைத்தது. எனக்கு நன்றாக எழுத வராது, மன்னிக்கவும்.

நீங்கள் கல்லறையில் பார்த்தது சரி. அப்பா போனபோதே அவர் பெயருக்குப் பக்கத்தில் அம்மாவின் பெயரைச் செதுக்கிச் சிவப்பு ஏற்றினோம். உயிரோடிருப்பவர் பெயரில் சிவப்பு. ஆள் போனபின் அந்தச் சிவப்பை எடுத்துவிடுவோம். இது எல்லாருக்கும் செய்வதுதான். இந்த ஜூனில் உங்கள் அம்மா இன்னொரு பெயரையும் செதுக்கச் சொன்னார். மசாநோரி. அதிலும் சிவப்பு ஏற்றினேன். பிள்ளை பெயரைப் பெற்றவளே செதுக்கச் சொல்வது அபூர்வம். ஆனால் கல்லைப் பார்க்க வேறு ஆள் இல்லை என்றார்.

போன வாரம் மறுபடி வந்தார். இரண்டு பெயரிலும் சிவப்பை எடுக்க நாள் கொடுத்தார். டிசம்பர் 2.

நாற்பது வருடமாக உளி பிடிக்கிறேன். முடிந்தபின்தான் வீட்டுக்காரர்கள் வருவார்கள். முன்னாலேயே யாரும் தேதி கொடுத்ததில்லை.

"எதுக்கும்மா தேதியெல்லாம்?" என்றேன்.

"அப்புறம் பனி விழுந்துடும். கல்லு ஜில்லிட்டுப் போகும். உங்க விரலு பாவமில்லையா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சொன்னால் என் மனைவி சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு எழுதிப் போடுங்க. இல்லைன்னா எனக்குச் சோறு எறங்காது" என்றாள். அன்று மாலையே உங்கள் கடிதம் வந்தது.

என் தொலைபேசி எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷிமொசகா


ஒசாகா
அக்டோபர் 16

அண்ணா,

எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதிவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நான் நலம். சிஹாயாவுக்குக் கல்யாணம். உங்களுக்கு அவள் நான்கு வயதுக் குழந்தையாகத்தான் ஞாபகம் இருப்பாள்.

சமபகல் நாளுக்கு முந்தின சாயங்காலம் நான் கல்லறைக்கு வந்தேன். நீலப்பூ வைத்தேன். கல்லில் உங்கள் பெயரைப் பார்த்தேன். தொட்டேன், விரலில் ஒட்டவில்லை. அங்கிருந்து நம் வீட்டு மாடி விளக்கு தெரிந்தது. அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டேன்.

அம்மா ஏதோ செய்யப் போகிறாள். டிசம்பர் 2க்கு முன்னால். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

என்ன சாப்பிடுகிறீர்கள்? எழுதுங்கள். ஒரு வரி போதும்.

ரித்சு


ஹிமி
அக்டோபர் 27

ரித்சு,

உன் கடிதம் தட்டில் இருந்தது. சூப்புக்கும் ஊறுகாய்க்கும் நடுவில். பிரிக்கவில்லை. அம்மா அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கமாட்டாள்.

பேனா பிடித்துப் பல வருடம். உன் உடம்பு எப்படி? சின்ன வயதில் உனக்கு மூச்சிரைக்கும்.

எல்லாம் தெரியும். இந்த வீட்டில் மாடி என்பது ஒரு பெரிய காது.

ஜூனில் உன் கடிதத்தை அவள் அப்பாவுக்குப் படித்தாள். படிக்கட்டில் நின்றிருந்தேன். ஒரே பொண்ணு. கோபமில்லை. ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பினேன், காலணி நாடாவைக் கட்ட முடியவில்லை. அன்றிலிருந்து இருபத்தாறு வருடமாக நானும் அதையேதான், நான் இல்லை என்றுதான், சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலையிலிருந்து இரவில் ஒரு சத்தம். தூக்க மாத்திரை அட்டை. டப். டப். பிறகு குழாயில் தண்ணீர் ஓட வேண்டும். ஓடுவதில்லை. சீசாவில் ஏதோ விழுகிறது.

ஆகஸ்டிலிருந்து தட்டில் இருப்பதை நான் தின்பதில்லை. கழிவறையில் கொட்டிவிட்டுக் காலித் தட்டை வைக்கிறேன். அவள் தூங்கியபின் முனைக் கடைக்குப் போய் உறை ஒட்டிய ரொட்டி வாங்குகிறேன். கடைக்காரரிடம் இத்தனை வருடத்தில் நான் பேசியது இரண்டே சொல். "பை வேணாம்."

புத்தாண்டு நிலநடுக்கத்தில் கடல் வருமென்று சைரன் ஊதியது. ஊரே மேட்டுப் பள்ளிக்கு ஓடியது. நகாசே அம்மாள் வாசலில் நின்று கத்தினாள், "சுமியே, வா! அப்படியே வா!" நான் படிக்கட்டின் மேல்முனையில். அம்மா கீழ்முனையில். மூன்று மணி நேரம். அவள் மூச்சு சீராக இருந்தது. அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, சாவது அப்படியொன்றும் கஷ்டமில்லை என்று.

இப்போதெல்லாம் சமையல் மணக்கிறது. எனக்குப் பத்து வயதில் பிடித்ததெல்லாம் வருகிறது.

சாக வேண்டுமென்று இல்லை. வேண்டாமென்று சொல்லவும் தெரியவில்லை. கல்யாண மேசையில் எனக்கு இடம் வேண்டாம். ஆனால் இப்படி ஒருவன் இருக்கிறான் என்று ஒரே ஒருவரிடம் சொல்வாயா? சொன்னால் எனக்கு எழுது. அதை வைத்து முடிவு செய்கிறேன்.

மூச்சைப் பார்த்துக்கொள்.

மசாநோரி


ஒசாகா
நவம்பர் 5

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் பத்து முறை படித்தேன். மூச்சிரைப்பு இப்போது இல்லை. உங்களுக்குக் குளிர் உடுப்பு இருக்கிறதா?

நகராட்சியைக் கேட்டேன். சம்பந்தப்பட்டவர் மறுத்தால் உள்ளே போக முடியாதாம். போலீஸுக்குச் சொல்லலாம். ஆனால் வாசலில் போலீஸ் வண்டி நின்றால் ஒரு மணி நேரத்தில் எல்லார் போனிலும் வந்துவிடும். ஹொரியே வீட்டார் போனிலும். இன்னும் பதினெட்டு நாள்தான்.

யோசித்துப் பார்த்தேன். கல்யாணம் முடியும்வரை அம்மா எதுவும் செய்யமாட்டாள். வீட்டில் சாவு விழுந்தால் கல்யாணம் தள்ளிப்போகும். அதை அவள் விடமாட்டாள். கல் தச்சரின் நாள் டிசம்பர் 2. நான் 30ஆம் தேதி வந்துவிடுகிறேன். அதுவரை உறை ஒட்டியதை மட்டும் சாப்பிடுங்கள்.

நீங்கள் கேட்டதைக் கல்யாணத்துக்குப் பிறகு செய்கிறேன்.

மன்னியுங்கள்.

ரித்சு


ஹிமி
நவம்பர் 19

அன்புள்ள ரித்சுகோ,

கடலுக்கு மேல் இடி தொடங்கிவிட்டது. இனிப் பனிதான். சந்தையில் கொழுத்த மீன் வந்திருக்கிறது. எல்லாரும் நலமாக, நல்ல முகத்தோடு கல்யாணத்துக்கு நிற்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

சிஹாயாவிடம் சொல், பாட்டிக்குப் பயணம் ஆகாது, அதனால்தான் வரவில்லை. சிஹாயா நிறைய சிரிக்க வேண்டும், பல் தெரிய.

இந்த வருடம் புத்தாண்டு வாழ்த்து அட்டை வாங்கவில்லை. செய்தித்தாளை நிறுத்திவிட்டேன். நகாசேயிடம் வாங்கிய குடையைக் கொடுத்தாயிற்று. யாருக்கும் எந்தத் தொல்லையும் மிச்சமில்லை. கல்யாணம் முடிந்ததும் சிவப்புப் பயறு போட்டுச் சோறு ஆக்குவேன். நல்ல காரியத்துக்கு அதுதானே. மசாநோரியோடு உட்கார்ந்து சாப்பிட ஆசை.

நீ மேசையில் சொன்ன வார்த்தைக்கு இனி ஒரு பழுதும் வராது.

டிசம்பர் மூன்றுக்கு மேல் வா. முன்னால் வராதே. வரும்போது துக்கத்துக்கு உடுத்தும் கருப்பு உடையைக் கொண்டுவா.

நீ நல்ல பிள்ளை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா


ஹிமி
நவம்பர் 24, ஞாயிறு

ரித்சு,

கல்யாணம் நல்லபடி முடிந்திருக்கும்.

நேற்றுச் சாயங்காலம் பயறு வேகும் மணம். பிறகு படியில் காலடி. தட்டை வைத்துவிட்டு அவள் இறங்கிப் போகவில்லை. இரண்டு தட்டு. கதவுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டாள்.

"மசா. சிஹாயாவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுடா. வா, சேந்து சாப்பிடலாம்."

உன்னிடமிருந்து ஒரு வரி வந்திருக்குமா என்று தட்டைப் பார்க்கத் திறந்தேன். இல்லை.

அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். இவ்வளவு சின்னதாகிவிட்டாள். இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு கீழே போனேன். மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"தட்ட மாத்திக்கலாமாம்மா?"

"ரெண்டும் ஒண்ணுதாண்டா."

தட்டிலிருந்த சோற்றுக் கிண்ணம் என் கையில் கொஞ்ச நேரம் இருந்தது. சூடாக இருந்தது. பிறகு இரண்டையும் குப்பையில் கொட்டினேன். அவள் அழவில்லை. கிண்ணத்தை இரண்டு முறை கழுவினாள்.

"வீணாப் போச்சே. பரவாயில்ல, சீசாவுல இன்னும் இருக்கு. பயறுதான் ஊறப் போடணும்."

சீசாவைத் தேடினேன். கிடைக்கவில்லை.

நேற்றிலிருந்து அடுக்களை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் எழுந்தால் எழுகிறேன். அவள் தண்ணீர் குடித்தால் டம்ளரை வாங்கி முகர்கிறேன். "போயி படுடா, கண்ணு செவந்திருக்கு" என்கிறாள்.

கடைக்காரரிடம் சொல்லலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவள் கண்ணயர்ந்தால் ஓடிப்போய் இதைப் பெட்டியில் போட்டுவிட்டு வருவேன். இருநூறு அடி. கடிதம் உனக்குப் புதன்கிழமைதான் கிடைக்கும். அதுவரை விழித்திருப்பேன். அதற்கு மேல் தெரியாது.

மசாநோரி


ரயிலிலிருந்து
நவம்பர் 27, புதன்

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாள் ஹொரியே அவர்களுக்கு,

குளிர் இறுகிவிட்டது. உங்கள் வீட்டில் அனைவரும் நலமென்று நம்புகிறேன். சனிக்கிழமை நீங்கள் காட்டிய அன்புக்கு நன்றி. அன்று நான் உங்களைக் குனிந்து வணங்கியபோது என் இடுப்பில் காகிதம் சரசரத்தது. நீங்கள்கூடக் கேட்டீர்கள். அது என் அம்மாவின் கடிதம். அதைப் படித்துவிட்டும் கல்யாணத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

மே மாதம் உங்களிடம் பொய் சொன்னேன். நான் ஒரே பெண் இல்லை.

காலையில் தபால் வந்ததும் போலீஸுக்குப் போன் செய்தேன். "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்கள். "தங்கச்சி" என்றேன். அவர்கள் போய்த் தட்டியிருக்கிறார்கள். உள்ளே விளக்கு எரிகிறது, யாரும் திறக்கவில்லை. மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். பிறகு எங்கள் ஊர்க் கல் தச்சரைக் கூப்பிட்டேன். "செவப்பு எடுக்கத் தீட்டி வச்ச உளிதாம்மா. கதவுக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பனியில் ரயில் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு நிலையம்.

இதைக் கேட்டபின் இந்தக் கல்யாணம் குறித்து நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் தலைவணங்குகிறேன். ஒருவரிடமாவது சொல்லும்படி அவர் கேட்டிருந்தார். ஒரு மாதம் தாமதமாக உங்களிடம் சொல்கிறேன். எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். பெயர் மசாநோரி. வயது ஐம்பத்திரண்டு. நான் முதல் வகுப்புக்குப் போனபோது என் காலணி நாடாவைக் கட்டிவிட்டது அவர்தான்.

மடியில் போன் அடிக்கிறது. கல் தச்சரின் எண்.

ரித்சுகோ